கோரைக்குட்டைக்கு ஒரு பணிவான மனு

ஜூன் 4, புதன்

குட்டைக்கரையில் நகராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது. ‘கோரைகுட்டை பசுமை மீட்பு திட்டம்.’ நான்கு சொற்களில் மூன்று ஒற்று விடுபட்டிருக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவனின் கண் முதலில் அங்கேதான் போகும், என்ன செய்ய.

பலகையில் கணினியில் வரைந்த வண்ணப்படம். குட்டையைச் சுற்றிலும் சிமெண்ட் கரை, அதன்மேல் கல் பதித்த நடைபாதை, செயற்கைப் புல்தரை, நடுவில் நீரூற்று, இரண்டு சிமெண்ட் மான்கள். நடப்பவர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டுக்காரர்கள். ஒருவருக்கும் தொப்பை இல்லை. தண்ணீர் நீச்சல்குள நீலம். கோரை ஒரு தாள்கூட இல்லை. கோரைக்குட்டையில் கோரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குட்டை. அதையும் சிமெண்டால் பூசிவிட்டால் மிஞ்சுவது தொட்டி. இதற்குப் பசுமை மீட்பு என்று பெயர். பசுமையை யாரிடமிருந்து மீட்கிறார்கள் என்று பலகை சொல்லவில்லை. தாவரங்களிடமிருந்து என்று நினைக்கிறேன்.

மனைவி வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் தினமும் காலையில் குட்டைக்குப் போய்க் கானாங்கோழிக் குஞ்சுகளை எண்ணிவிட்டு வந்துதான் அடுப்பு பற்ற வைப்பாள். என் காபி அந்தக் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தாமதமாகும்.

“அப்ப குஞ்செல்லாம் எங்கீங்க போகும்?” என்றாள்.

சிமெண்ட் மானின் மேல் உட்காரலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். நான் செயலாளர், வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் ஆறாவது ஆண்டாக. தலைவர் தெய்வசிகாமணி, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேர்கோட்டில் பார்க்க விரும்புபவர்.

“நடக்க இடம் வேணுமுங்க. என் சம்சாரத்தை ரோட்டுல பைக்காரன் இடிச்சு முட்டி பேந்து போச்சு. அந்தப் புதரைப் பாத்துட்டே வீட்டுக்குள்ள உக்காந்திருக்கச் சொல்றீங்களா?” என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பத்து வருடத்துக்கு முன்பு இங்கே அறுபது வீடுகள், இன்று நூற்றெண்பது. சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் ஜல்லி லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆரோக்கியத்துக்காக நடக்கிறார்கள்.

பெண்கள் பகுதியிலிருந்து வசந்தாமணி எழுந்தாள். “நடக்கறதுக்கு ரோட்டோரமாப் பாதை போடட்டுமுங்க. குட்டையை எதுக்குத் தொடணும்? கோரை தண்ணியை நிறுத்தி உள்ள விடறதாலதான் நம்ம போர்ல எல்லாம் சித்திரையிலயும் தண்ணி வருது. மேக்கால காலனியில லாரித் தண்ணி வாங்கறாங்க, போய்ப் பாருங்க.”

போர்த் தண்ணீர் என்றதும் சபை இயற்கையை நேசிக்கத் தொடங்கியது. ஒருமனதாகத் தீர்மானம்: சாலையோரம் நடைபாதை போடலாம், கோரையிலும் புதரிலும் கை வைக்கக் கூடாது, கரையில் சிமெண்ட் கூடாது. மனு எழுதும் பொறுப்பு எனக்கு.

“அண்ணா எழுதினா ஒரு புள்ளி தப்பாதுங்க” என்றார் தலைவர். உண்மைதான்.

ஜூன் 11, புதன்

கையால் எழுதிக் கொடுத்த மனுவை, நகராட்சி வளாகத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் தமயந்தி தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். மதியம் முழுக்க உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினேன். பதினோர் ஒற்றுப்பிழை. இந்தத் தலைமுறைக்கு ஒற்று என்றால் சுவரொட்டியை ஒட்டுவது.

என் நடையிலும் ஒரு குறை கண்டேன். அவசரத்தில் ‘அகற்ற வேண்டாம்’, ‘பூச வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறேன். அச்சில் பார்த்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. ஓர் ஆணையரைப் பார்த்து ‘வேண்டாம்’ என்பதா? பந்தியில் ரசம் மறுப்பது போல இருக்கிறது. மனு என்றால் ‘வேண்டும்’ என்று முடிவதுதான் பணிவு. அகற்றாதிருக்க வேண்டும், பூசாதிருக்க வேண்டும். எவ்வளவு அழகு! முதலில் முடிவுகளை எல்லாம் வரிசையாக மாற்றினேன். சொற்களின் முன்பகுதிக்கு வருவதற்குள், மூன்றாம் பத்தியில் ‘கோரைகுட்டை’ ஒற்றின்றி நிற்பது கண்ணில் பட்டது. நகராட்சிப் பலகையின் தொற்று. மனு முழுக்க அதைத் துரத்திக்கொண்டு போனேன். ஐந்து இடங்களில் பிடித்தேன். அதற்குள் வசந்தாமணி தேங்காய் துருவக் கூப்பிட்டாள்.

துருவிக் கொடுத்துவிட்டு வந்து, அடியில் கையெழுத்திட்டுத் தமயந்திக்கு அனுப்பினேன். மனநிறைவான நாள்.

ஜூன் 13, வெள்ளி

மனு கொடுத்தாயிற்று. 212 கையெழுத்துகள், தனித் தாள்களில். மனுவை ஒருவராவது படித்துவிட்டுக் கையெழுத்திட்டதாகத் தெரியவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 24, செவ்வாய்

மாடித் தொட்டியில் மிதவை உடைந்துவிட்டது. குழாய்க்காரர் நாளை வருவதாக நான்காவது நாளாகச் சொல்கிறார்.

ஜூலை 2, புதன்

நம்ப முடியவில்லை. பத்தொன்பதே நாளில் நகராட்சியிலிருந்து பதில்! ‘தங்கள் சங்கத்தின் கோரிக்கைகள் முழுமையாக ஏற்கப்பட்டு, பணிகள் முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளப்படும்.’

எந்தப் பணிகள் என்று வசந்தாமணி கேட்டாள். நடைபாதைப் பணியாக இருக்கும் என்றேன். “வேண்டாம்னு சொன்னதுக்கு எதுக்குங்க முன்னுரிமை?” என்றாள். நல்லது நடந்தால் சந்தேகப்படுவது இந்த வீட்டின் வழக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

சங்கத்தில் எனக்குப் பொன்னாடை. ஒரு சொல் வீணாகாமல், ஒரு பிழை இல்லாமல் எழுதினால் அரசாங்கம் கேட்கும் என்பதற்குக் கோரைக்குட்டை மனு சான்று என்று பேசினேன். கைதட்டினார்கள். மைசூர்பாகு சற்றுக் கடினம்.

ஜூலை 14, திங்கள்

காலை ஆறரைக்கே ஜேசிபி சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வடகரையில் ஐம்பதடிக்குக் கோரையையும் புங்கங்கன்றுகளையும் வழித்து ஓரமாகக் குவித்திருந்தது. தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கிய வெள்வேலமரம் சாய்ந்து கிடந்தது. வசந்தாமணி அங்கே எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

“நிறுத்துங்க! யாரைக் கேட்டு வெட்டறீங்க?” என்று கத்தினேன்.

ஓட்டுநர் இறங்கினார். பெரியண்ணன் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர்.

“உங்களைக் கேட்டுத்தானுங்க.” இருக்கைக்கு மேலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “நாச்சிமுத்து, செயலாளரு. உங்க பேருதானுங்களே?”

என் மனுவின் நகல். இரண்டாம் பத்தி: ‘கோரையையும் கரையோரப் புதர்களையும் அகற்ற வேண்டும். கரையில் சிமெண்ட் பூச வேண்டும்.’

ஒற்றுப்பிழை ஏதுமில்லை.

“பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டறனுங்க” என்றார் பெரியண்ணன். “போற பக்கமெல்லாம் ஜனம் மறிக்கும், மண்ணை வாரித் தூத்தும். எழுதிக் குடுத்துக் கூப்பிட்டது உங்க காலனி ஒண்ணுதானுங்க. அதான் நேரத்துலயே வந்துட்டேன்.”

வசந்தாமணி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தட்டச்சுப் பிழை. வேறென்ன! மூளையை வீட்டில் வைத்துவிட்டு விரலை மட்டும் கடைக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். நாளைக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

தமயந்தியின் கடை பூட்டியிருந்தது. தூறல்.

ஜூலை 16, புதன்

காபி கொடுக்கும்போது வசந்தாமணி, “தமயந்தி போன் பண்ணுச்சு. குடையை அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களாம்” என்றாள்.

பூட்டின கடையின் வாசலில் வைத்திருப்பேன் என்றேன்.

“உள்ளீங்களாம். நாற்காலி மேல.”

இன்றைய செய்தித்தாளில் பிழைகள் மிக அதிகம். ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னாள்: “அந்தப் புள்ளைக்கு அன்னிக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சாம். சிவப்பு மையில நீங்க போட்டதை மாத்தப் பயமாம். போன வருசம் ஒரு ‘க்’ சேர்த்ததுக்கு அரை மணி நேரம் நிக்க வெச்சுப் பாடம் எடுத்தீங்களாமே?”

இருபது நிமிடம்தான்.

மதியம் நகராட்சிக்குப் போனேன். உதவிப் பொறியாளர் சுகன்யா, முப்பது வயது, மேசையில் இரண்டடி உயரத்துக்குக் கோப்புகள். இன்னும் பிரிக்காத சோற்று டப்பாவை அவற்றின்மேல் வைத்திருந்தார்.

“சார், எங்க திட்டத்தை எதிர்த்து மனு வரும், பாத்திருக்கோம். இன்னும் ஜாஸ்தியா சிமெண்ட் போடுங்கன்னு வந்த ஒரே மனு உங்களுது. திட்டத்துல கரை பாதி உயரத்துக்குத்தான் பூச்சு. நீங்க கேட்டதால முழு உயரத்துக்கும் ஒப்புதல் வாங்கியிருக்கோம்.”

அது பிழை என்றேன். எங்களுக்குக் கோரை வேண்டும் என்றேன்.

“கோரை வேணும்னா ‘வேண்டாம்’னு எழுதியிருக்கணும் சார். நீங்க ‘வேண்டும்’னு எழுதினதாலதான் கோரை வேண்டாம்னு ஆயிடுச்சு.”

இதைவிடத் தெளிவாக எந்த இலக்கண நூலும் சொல்லாது. 

“இப்ப என்ன செய்யலாம்?”

“பிழைன்னு எழுதிக் குடுங்க. யாரோட பிழைன்னும் எழுதணும். 212 பேர் கேட்டதை நான் சும்மா நிறுத்த முடியாது. தட்டச்சுப் பிழைன்னா தட்டச்சு செஞ்சவங்களோட வாக்குமூலமும் வேணும். ஆனா சொல்லிடறேன், வாக்குமூலம் வந்துட்டா அந்தம்மாவுக்கு வளாகத்துல கடை வெக்கக் குடுத்த அனுமதியை அடுத்த தடவை புதுப்பிக்க மாட்டாங்க. சீக்கிரம் குடுங்க சார். வண்டி நிக்காது.”

ஜூலை 17, வியாழன்

தலைவர் வீட்டில் ஆலோசனை. வடகரையில் மொத்தம் நூற்றைம்பதடி போய்விட்டது.

“தட்டச்சுப் பிழைன்னே போட்டுருவோமுங்க. அந்தப் புள்ளை ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கடைக்கு வேற இடமா கிடைக்காது?” என்றார்.

தலைவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தட்டச்சில்தானே அச்சாகி வந்தது. சங்கத்தின் நற்பெயரையும் பார்க்க வேண்டும். தமயந்திக்கான வாக்குமூலத்தை நானே எழுதினேன். எட்டு வரி.

வீட்டில் உப்புமா. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தமயந்தி நின்றுகொண்டே படித்தார்.

“இதை நானே டைப் பண்ணிக் கையெழுத்துப் போடறதுங்களா, இல்ல கையில எழுதினதே போதுங்களா சார்?”

கையால் எழுதியதே போதும் என்றேன்.

“டைப் பண்ணிடறனுங்க. அப்பறம் நீங்க ஒருக்காப் பாத்துக் குடுத்துருங்க. எனக்கு ஒற்று வராதுங்களே.”

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை அச்சு இயந்திரத்துக்குத் தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்துப் பட்டா மனு, பிறப்புச் சான்று மனு என்று ஏழெட்டுப் பேர்.

கூட்டமாக இருந்ததால் கையெழுத்து வாங்காமல் வந்துவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

பிற்பகல் ஒரு மணி நேர மழை. பெரிய மழை இல்லை. ஆனால் வழித்துப்போட்ட வடகரையிலிருந்து சேறு கரைந்து வடக்குத் தெருவுக்குள் வந்தது. இருபது வருடத்தில் முதன்முறை. தலைவர் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு. ஆள் விட்டு வாரிக்கொண்டிருந்தார். அவர் மனைவி முட்டிக்கட்டோடு ஜன்னலில் நின்று, “நேர்கோடு வேணும்னீங்களே, நல்லா நேரா நம்ம வாசலுக்கே வருது பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி குட்டையிலிருந்து நனைந்து வந்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை.

“கிழக்கால இருந்த அத்தியும் போச்சுங்க. ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளா? வண்டி தினமும் அம்பதடி போகுது.”

முப்பத்தோர் ஆண்டில் என் கையைத் தாண்டி ஒரு பிழைகூட… என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங்க. முப்பத்தொரு வருசத்துல ஒண்ணு. ஒண்ணுதானுங்களே? சொல்லிட்டுப் போங்க.”

இன்றைய குறிப்பை இங்கேயே முடித்துவிட, மின்சாரம் போய்விட்டது என்று எழுதலாம். போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வண்டிக்கு விடுமுறை.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் படி இரண்டு பக்கம் வந்தது. தமிழ் மனு மரபு, பணிவுச் சொற்களின் வரலாறு, ‘வேண்டும்’ என்பதன் இருபொருள், தேங்காய்த் துருவல். படித்தபோது, குட்டையின் அழிவுக்குத் தமிழ் இலக்கணமும் வசந்தாமணியும் கூட்டாகப் பொறுப்பு என்பது போல இருந்தது. அடித்தேன். இரண்டாவது படி ஒரு பக்கம். அதில் ‘கவனக்குறைவு நேர்ந்துவிட்டது’ என்று இருந்தது. யாருக்கு நேர்ந்தது? அடித்தேன்.

மூன்றாவது படி:

‘எங்கள் மனுவின் கையெழுத்துப் படியிலும் தட்டச்சுப் படியிலும் “அகற்ற வேண்டாம்”, “பூச வேண்டாம்” என்றே சரியாக இருந்தது. மெய்ப்புத் திருத்துகையில் அவற்றை “வேண்டும்” என்று மாற்றியவன் நான். பிழை என்னுடையது. பணியை உடனே நிறுத்த வேண்டும்.’

வசந்தாமணியிடம் காட்டினேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

“இது சரியா இருக்குங்களா? நிறுத்தத்தான சொல்லியிருக்கீங்க?”

கேட்கட்டும். அதற்குரிய உரிமை அவளுக்கு உண்டு.

ஜூலை 21, திங்கள்

நகராட்சியில் காலை பத்துக்கே போய் நின்றேன். தபால் பிரிவு எழுத்தருக்குக் கணினியில் மூன்றே வகை இருக்கிறது: கோரிக்கை, புகார், பாராட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு வகை இல்லை. இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

“புகார்ல போட்டுடறேன் சார். புகார்தாரர் பேரு?”

“நாச்சிமுத்து.”

“யார் மேல?”

“நாச்சிமுத்து.”

“உறவினருங்களா?”

ஆமாம் என்றேன்.

சுகன்யா கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். கைபேசியை எடுத்தார். “பெரியண்ணன், வண்டியை ஆஃப் பண்ணுங்க. ஆமா, இப்பவே. இல்ல, இந்தத் தடவை நிஜமாவே வேண்டாமாம்.”

பிறகு என்னிடம், “வடக்குல முடிஞ்சது முடிஞ்சதுதான் சார். அங்க பாதையும் கரையும் வந்தே தீரும், திட்டத்தை என்னால ரத்து பண்ண முடியாது. தெற்குல மிச்சத்தைக் காப்பாத்தலாம். எது வரைக்கும் பூங்கா, எங்கிருந்து குட்டைன்னு சங்கத்துலயே சுண்ணாம்புக் கோடு போட்டு வைங்க. வியாழக்கிழமை நான் வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டா, அதுதான் எல்லை. அதுக்கப்பறம் ஆணையரே வந்தாலும் கோட்டைத் தாண்டி ஒரு புல்லைப் புடுங்க முடியாது” என்றார்.

வரும் வழியில் தமயந்தியின் கடை. உள்ளே போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “காபி சாப்பிடறீங்களா சார்?” என்றார். சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கடிதத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். ஒருவர், ‘வாழ்த்துகள் சார், மென்மேலும் வளர்க’. இதையும் யாரும் படிக்கவில்லை.

தலைவர் படித்திருந்தார். வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சுண்ணாம்பு எத்தனை மூட்டைங்க வேணும்?” என்றார். அவர் வாசலில் சேறு இன்னும் காயவில்லை.

ஜூலை 24, வியாழன்

காலையில் நானும் வசந்தாமணியும் தலைவரும் கோடு போடப் போனோம். தலைவர் அளவு நாடாவும் நூல்கண்டும் கொண்டுவந்திருந்தார். கோரை நிற்கும் விளிம்பில் முளை அடித்து, நேராக நூல் கட்டினார். வடக்கே வெறும் மண். தெற்கே கோரை, ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக. மிஞ்சியது அவ்வளவுதான்.

நூலை ஒட்டிச் சுண்ணாம்பு தூவப் போனேன். வசந்தாமணி கூடையை என் கையிலிருந்து வாங்கினாள். நூலைத் தாண்டி வெறும் மண்ணில் வடக்கு நோக்கி நடந்தாள். நாற்பதடி போய் நின்று, அங்கிருந்து தூவ ஆரம்பித்தாள்.

“ஏனுங்கம்மா, அங்க ஒண்ணுமில்லீங்களே” என்றார் தலைவர்.

அவள் குனிந்து, மண்ணைக் கையால் கிளறினாள். கறுப்பாகச் சுண்டைக்காய் அளவில் நாலைந்து கிழங்குகளைக் காட்டினாள். ஒன்றின் முனையில் வெளிறிய முளை. “வண்டி மேலதானுங்க வழிச்சிருக்கு. கோரை அடியிலதான இருக்கு. சிமெண்ட் போடாம விட்டீங்கன்னா ஐப்பசிக்குள்ள எந்திரிச்சுரும்.”

தலைவர் நூலைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நேர்கோட்டை அவரே அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். முளைக்குச்சிகளை நான் பிடுங்கினேன்.

பதினொரு மணிக்குச் சுகன்யா வந்தார். கோட்டைப் பார்த்தார். கோரை நின்ற இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே நாற்பதடி வெறும் மண், ஒரு புல்கூட இல்லாமல், வெயிலில் கிடந்தது.

“கோடு கொஞ்சம் வடக்கே போன மாதிரி இருக்கே. அளந்தீங்களா?”

“அளந்தோமுங்க” என்றாள் வசந்தாமணி, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

சுகன்யா என் பக்கம் திரும்பினார். “நீங்க பாத்தீங்களா சார்?”

பார்த்தேன், பிழை இல்லை என்றேன்.

எல்லைப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். படிவத்தில் ‘கோரைகுட்டை’ என்றுதான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.